மின்மாற்றி எண்ணெயிலிருந்து ஈரத்தை நீக்குதல்: துணைமின் நிலையத்தில் செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

துணைமின் நிலையத்தில் நிற்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெயை, அதை இடம் மாற்றாமல், ஃபில்டர் மெஷின் கொண்டு சூடேற்றி வெற்றிடத்தில் ஈரம் நீக்கும் வேலையை இந்த வழிகாட்டி விளக்குகிறது. தமிழ்நாட்டில் பரவலாக உள்ள 16 எம்.வி.ஏ., 110/11 கிலோவோல்ட் மின்மாற்றியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். கணக்கு எளிதாக இருக்க, அதில் 12,000 லிட்டர், அதாவது ஏறக்குறைய 10,400 கிலோ எண்ணெய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் மின்மாற்றியின் சரியான அளவை அதன் பெயர்ப்பலகையில் பார்த்து, கீழே வரும் கணக்குகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

## 1. ஈரம் இருக்கும் இடத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, ஈரம் எண்ணெயில் இருப்பதாக எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்குவதிலிருந்தே வருகின்றன. 10,400 கிலோ எண்ணெயில் 20 பிபிஎம் (எடையில் பத்து லட்சத்தில் 20 பங்கு) ஈரம் இருந்தால் அது ஏறக்குறைய 210 கிராம் தண்ணீர். ஒரு தம்ளர் அளவுதான். அதே மின்மாற்றியின் சுருள்களைச் சுற்றியுள்ள காகிதமும் பிரஸ்போர்டும் (அழுத்திய காப்பு அட்டையும்) 1,500 கிலோ என்றும், அவற்றில் 2 சதவீதம் ஈரம் என்றும் கொண்டால், அங்கே 30 கிலோ தண்ணீர் இருக்கிறது.

ஆகவே எண்ணெயை மட்டும் உலர்த்திவிட்டு மெஷினைக் கழற்றினால், அடுத்த சில நாட்களில் காகிதம் தன் ஈரத்தில் சிறிதளவை எண்ணெய்க்குத் திருப்பிக் கொடுத்துவிடும். பரிசோதனை அளவும் பழைய இடத்துக்கு அருகே வந்து நிற்கும். எண்ணெயை ஈரம் சுமந்து வரும் ஊர்தியாகக் கருதுங்கள். காகிதத்திலிருந்து ஈரத்தை வாங்கி மெஷினில் இறக்கி வைத்துவிட்டு, மீண்டும் வாங்கப் போவதுதான் அதன் வேலை. பின்வரும் படிகளின் வரிசை முழுவதும் இந்த ஒரு எண்ணத்திலிருந்துதான் வருகிறது.

வெப்பநிலைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. கனிம எண்ணெய் 20 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 55 பிபிஎம் தண்ணீரைத்தான் கரைத்து வைத்திருக்கும். 60 டிகிரியில் அதே எண்ணெய் ஏறக்குறைய 240 பிபிஎம் வரை கரைத்துக்கொள்ளும். சூடான எண்ணெய் காகிதத்திலிருந்து ஈரத்தை இழுக்கும். குளிரும்போது திருப்பித் தரும். 80 பிபிஎம் ஈரத்துடன் சூடாக ஓடிய மின்மாற்றியை நிறுத்திக் குளிரவிட்டால், கரைந்திருந்த தண்ணீரில் ஒரு பகுதி துளிகளாகப் பிரிந்து அடியில் தங்கும். மழைக்கால இரவில் நிறுத்தி வைத்த மின்மாற்றியை மறுநாள் காலையில் சார்ஜ் செய்வது, அதாவது மின்னழுத்தம் கொடுப்பது, ஆபத்தாவதற்கு இதுவே காரணம்.

## 2. எதையும் திறக்கும் முன் மாதிரி எடுங்கள்

முதல் மாதிரி கரைந்த வாயுப் பகுப்பாய்வுக்கானது. வெற்றிடத்தில் ஓடும் மெஷின் தண்ணீரோடு சேர்த்து ஹைட்ரஜன், எத்திலீன், அசெட்டிலீன் போன்ற வாயுக்களையும் வெளியேற்றிவிடும். மின்மாற்றிக்குள் சூடேறும் இணைப்போ சிறு பொறியோ இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சிகள் அந்த வாயுக்கள்தாம். மாதிரி எடுக்காமல் ஃபில்டர் செய்துவிட்டால் பல ஆண்டுகளின் வரலாறு ஒரே நாளில் அழிந்துபோகும். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் பிறகு எதைச் செய்தாலும் ஈடுசெய்ய இயலாது.

இரண்டாவது, கார்ல் ஃபிஷர் என்ற வேதிமுறையில் ஈர அளவு. மூன்றாவது, மின்தாங்கு திறன் எனப்படும் பி.டி.வி. இந்தச் சோதனையில் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள மின்முனைகளுக்கு இடையே நொடிக்கு 2 கிலோவோல்ட் வீதம் ஏற்றி, ஆறு முறை முறிவு கண்டு சராசரி எடுக்கிறோம். எண்ணெயை ஊற்றியதும் ஏறக்குறைய ஐந்து நிமிடமும், ஒவ்வொரு முறிவுக்குப் பிறகும் குறைந்தது இரண்டு நிமிடமும் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் குமிழ்களும் கரித்துகள்களும் நடுவிலேயே நின்று, எண்ணெயின் தரத்தை உள்ளபடி காட்டாது.

நான்காவது, அமிலத்தன்மையும், எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையிலான பரப்பிடை இழுவிசையும். எண்ணெய் முதிர்ந்து அமிலமாகிக் கசடு பிடித்திருந்தால், ஈரம் நீக்கும் மெஷின் அதைச் சரிசெய்யாது. அதற்கு ஃபுல்லர்ஸ் எர்த் (அமிலத்தை உறிஞ்சும் களிமண்) கொண்டு புதுப்பிப்பதோ எண்ணெயையே மாற்றுவதோதான் வழி. இதை முன்பே அறியாமல் ஒரு வாரம் மெஷினை ஓட்டிப் பயனில்லை.

மாதிரி எடுக்கும்போது அடி வால்வைத் துடைத்து, தேங்கிய எண்ணெய் ஒன்றிரண்டு லிட்டரை முதலில் வெளியே விடுங்கள். பிறகு உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலை அதே எண்ணெயால் அலசி, குமிழ் எழாதபடி பாட்டிலின் சுவரோடு ஒழுகவிட்டு நிரப்புங்கள். மழைத் தூறலிலும் பனிக்காலையிலும் எடுக்காதீர்கள். எண்ணெயின் வெப்பநிலையைப் பாட்டிலின் மேலேயே எழுதுங்கள். வெப்பநிலை தெரியாத பிபிஎம் அளவைக் கொண்டு காகிதத்தின் ஈரத்தைக் கணிக்க இயலாது.

## 3. ஈரம் வந்த வழியை அடைத்துவிடுங்கள்

பிரீதரைத் (மின்மாற்றி காற்றை இழுக்கும் வழியை) திறந்து, அந்தக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லைப் பாருங்கள். நீல வகை, ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும். நிறம் வழக்கம்போல் அடியிலிருந்து மேலாக மாறாமல் மேலிருந்து கீழாக மாறியிருந்தால், காற்று பிரீதர் வழியே வராமல் மேலே உள்ள ஏதோ ஒரு கசிவு வழியே நுழைகிறது என்று பொருள். அடிக் கிண்ணத்தில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வறண்டிருந்தால் ஜெல் எப்போதும் வெளிக்காற்றோடு தொடர்பில் இருந்து விரைவில் வீணாகிவிடும்.

அடுத்து புஷிங் (மின்கம்பி தொட்டியை விட்டு வெளிவரும் காப்புக்குழல்) அடிப்பகுதி, மேல்மூடியின் கேஸ்கெட், எக்ஸ்ப்ளோஷன் வென்ட் (உள்ளழுத்தம் மிகுந்தால் திறக்கும் குழாய்), கன்சர்வேட்டரின் (தொட்டிக்கு மேலுள்ள, எண்ணெய் விரிய இடம் தரும் சிறு தொட்டியின்) மேல்மூடி ஆகியவற்றைப் பாருங்கள். மழைநீர் தேங்கும் உயரத்தில் உள்ள கேஸ்கெட்டுகளை முதலில் சோதியுங்கள். பிறகு கன்சர்வேட்டரின் அடி வால்வைத் திறந்து அங்கே தேங்கிய தண்ணீரையும் கசடையும் வடியுங்கள். கன்சர்வேட்டரில் உள்ள எண்ணெய் மெஷினின் சுழற்சிக்குள் வராது. அதை வடிக்காமல் விட்டால், உலர்த்திய தொட்டிக்குள் அந்த ஈரம் பின்னர் மெல்ல இறங்கும்.

## 4. கையில் இருக்க வேண்டியவை, கட்ட வேண்டிய பாதுகாப்பு

மணிக்கு 4,000 லிட்டர் அளவுள்ள இரு கட்ட வெற்றிட ஃபில்டர் மெஷின், வெற்றிடத்தில் சப்பிப்போகாத கம்பிச் சுருள் வைத்த ஹோஸ், சுத்தமான உபரி எண்ணெய், எண்ணெய் வடிக்கத் தொட்டி, புதிய கேஸ்கெட்டுகள், 5 கிலோவோல்ட் மெக்கர் (காப்புத்தடை அளக்கும் கருவி), தீயணைப்புக் கருவிகளும் மணல் வாளிகளும், தார்ப்பாய். மெஷின் கடைசியாக எந்த எண்ணெயில் ஓடியது என்று கட்டாயம் கேளுங்கள். பழைய கப்பாசிட்டர் அல்லது மிகப் பழைய மின்மாற்றி எண்ணெயில் ஓடியிருந்தால், அதிலுள்ள நச்சுப் பொருள் உங்கள் 12,000 லிட்டரிலும் கலந்துவிடக்கூடும். ஐயம் இருந்தால் அந்த மெஷினை ஏற்காதீர்கள்.

மின்மாற்றியை இருபக்கமும் பிரித்து, லைன் கிளியர் (மின்சாரம் நிறுத்தப்பட்டதற்கான அனுமதி) பெற்று, எர்த் செய்த பிறகே அருகில் செல்ல வேண்டும். உயரழுத்த முனைகள், தாழ்வழுத்த முனைகள், நியூட்ரல் ஆகிய அனைத்தையும் ஒன்றாகக் குறுக்கிணைத்து எர்த்தோடு கட்டுங்கள். தொட்டி, மெஷின், ஹோஸின் உலோக முனைகள் ஆகியவற்றையும் தனித்தனியே எர்த் செய்யுங்கள். வேகமாக ஓடும் உலர்ந்த எண்ணெய், காகிதத்தின் மேல் உராய்ந்து நிலைமின்னூட்டத்தைச் சேர்க்கும். எண்ணெய் எவ்வளவு உலர்கிறதோ அவ்வளவு அது கூடும். மின் இணைப்பே இல்லாத சுருளைத் தொட்டவர் அதிர்ச்சி வாங்குவது இதனால்தான்.

## 5. இணைப்பு

மின்மாற்றியின் அடி வால்விலிருந்து மெஷினின் உள்வழிக்கும், மெஷினின் வெளிவழியிலிருந்து மேல் வால்வுக்கும் இணையுங்கள். கனமான அழுக்கும் பிரிந்த தண்ணீரும் அடியில் இருப்பதால் அவை முதலில் வெளியேற வேண்டும். இரு வால்வுகளும் தொட்டியின் எதிரெதிர் மூலைகளில் இருப்பது நல்லது. ஒரே பக்கத்தில் இருந்தால் எண்ணெய் குறுக்குவழியில் ஓடி, மறுபக்கம் அசையாமல் நிற்கும்.

உறிஞ்சும் பக்கத்து ஹோஸைத் தனிக் கவனத்தோடு பூட்டுங்கள். வெளிவழி ஹோஸ் கசிந்தால் எண்ணெய் சொட்டி உடனே தெரிந்துவிடும். உறிஞ்சும் பக்கத்தில் கசிவு இருந்தால் எண்ணெய் சொட்டாது. அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தக் காற்றே ஈரம்தான். வெற்றிட அறையின் கண்ணாடியில் அடங்காத நுரையும், பின்னர் புக்கோல்ஸ் ரிலேயில் (தொட்டிக்கும் கன்சர்வேட்டருக்கும் இடையே வாயு சேர்ந்தால் எச்சரிக்கும் கருவியில்) சேரும் காற்றும் இதன் அடையாளங்கள்.

டேப் சேஞ்சரின் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சின்) எண்ணெயை இந்தச் சுழற்சியில் சேர்க்காதீர்கள். அதில் சுவிட்சின் பொறியால் உண்டான கரியும் வாயுக்களும் இருக்கும். அதைத் தனியே, கடைசியில் ஃபில்டர் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள்.

## 6. மெஷினை முதலில் தனியே ஓட்டுங்கள்

மின்மாற்றியின் வால்வுகளைத் திறக்காமல், மெஷினின் உள்சுற்றில் சுத்தமான எண்ணெயை ஓட்டி, அதன் வெளிவழியிலிருந்து மாதிரி எடுத்துச் சோதியுங்கள். அது நல்ல அளவைத் தராவிட்டால் மின்மாற்றிக்கும் தராது.

எண்ணெய் இல்லாமல் வெற்றிட பம்ப் மட்டும் ஓடும்போது அறையின் அழுத்தம் 1 மில்லிபாரை எட்டுகிறதா என்று பாருங்கள். அழுத்தத்தை ஏன் இவ்வளவு கீழே கொண்டுபோக வேண்டும் என்று பலர் கேட்பார்கள். 60 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தம் ஏறக்குறைய 200 மில்லிபார். ஆனால் எண்ணெயில் 10 பிபிஎம் மட்டுமே இருக்கும்போது, அது எண்ணெய் கரைத்துக்கொள்ளக்கூடிய 240 பிபிஎம்-இல் 4 சதவீதம்தான்; ஆகவே அந்த ஈரம் தரும் அழுத்தம் வெறும் 8 மில்லிபார். அறையின் அழுத்தமும் 8 மில்லிபார் என்றால் 10 பிபிஎம்-க்குக் கீழே ஒரு சொட்டு ஈரமும் வெளியேறாது. எண்ணெய் உலர உலர, மேலும் ஆழமான வெற்றிடம் தேவைப்படும்.

வெற்றிடம் எட்டவில்லை என்றால் முதலில் வெற்றிட பம்பின் எண்ணெயைப் பாருங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால், உறிஞ்சிய நீராவி அதில் கலந்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டும். ஈரம் மிகுந்த மின்மாற்றியில் முதல் நாளிலேயே ஒன்றிரண்டு முறை மாற்ற நேரிடும். அதற்கான எண்ணெயையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இதைச் செய்யாமல் இரவு முழுவதும் மெஷினை ஓட்டிவிட்டு, காலையில் ஒரு பிபிஎம்-கூட இறங்காமல் திகைத்து நின்றவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

## 7. சூடேற்றிச் சுழற்றுதல்

தொடங்கும் வரிசை இது: வெற்றிட பம்ப், பின்னர் எண்ணெய் உள்வரும் வால்வு, அறையில் எண்ணெய் மட்டம் நின்றதும் வெளியேற்றும் பம்ப், ஓட்டம் சீரானதும் கடைசியாக ஹீட்டர். நிறுத்தும்போது முதலில் ஹீட்டரை நிறுத்தி, எண்ணெய் மேலும் சிறிது நேரம் ஓடி ஹீட்டரைக் குளிர்வித்த பிறகே பம்பை நிறுத்துங்கள். ஓட்டம் இல்லாமல் ஹீட்டர் எரிந்தால் அதன் மேல் ஒட்டிய எண்ணெய் சிதைந்து வாயுக்களையும் கரியையும் உண்டாக்கும். அந்த வாயுக்கள் பின்னர் பகுப்பாய்வில், மின்மாற்றிக்குள் கோளாறு இருப்பதுபோல் காட்டும்.

எண்ணெயை 60 முதல் 65 டிகிரியில் வைத்திருங்கள். 70 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். சூடும் ஆழ்ந்த வெற்றிடமும் சேர்ந்தால், எண்ணெய் கெடாமல் காக்கச் சேர்த்துள்ள இன்ஹிபிட்டரும் எளிதில் ஆவியாகும் பகுதிகளும் வெளியேறத் தொடங்கும்.

ரேடியேட்டர் வால்வுகள் திறந்திருந்தால் சூடு ஏறவே ஏறாது. மெஷின் உள்ளே அனுப்பும் வெப்பத்தை ரேடியேட்டர்கள் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அவற்றை மூடி, தொட்டியைத் தார்ப்பாயால் போர்த்துங்கள். ஆனால் மூடிய ரேடியேட்டர்களுக்குள் உள்ள எண்ணெய் பழைய ஈரத்தோடே நிற்கிறது என்பதை மறவாதீர்கள். தொட்டி சூடேறிய பிறகு அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, சில மணி நேரம் ஓடவிட்டு, மீண்டும் மூடுங்கள்.

கன்சர்வேட்டர் மட்டத்தைக் கண்காணியுங்கள். எண்ணெய் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.00075 பங்கு விரிவடையும். 12,000 லிட்டர் 30 டிகிரி சூடேறினால் 270 லிட்டர் கூடும். மட்டத்தை முன்பே இறக்கி வைக்காவிட்டால் பிரீதர் வழியே எண்ணெய் வழிந்து சிலிக்கா ஜெல் முழுவதும் பாழாகும்.

இப்போது சுற்றுகளின் கணக்கு. மணிக்கு 4,000 லிட்டர் மெஷின் 12,000 லிட்டரை மூன்று மணி நேரத்தில் ஒரு சுற்று எடுக்கும். மூன்று மணி நேரம் ஓடினால் எண்ணெய் முழுவதும் மெஷினைக் கடந்துவிட்டது என்று பலர் எழுதி வைக்கிறார்கள். உலர்ந்த எண்ணெய் உள்ளே போய் ஈர எண்ணெயோடு கலந்துவிடுவதால், நன்றாகக் கலக்கும் தொட்டியில் ஒரு சுற்று முடிந்த பின்னும் 37 சதவீத எண்ணெய் மெஷினைப் பார்த்திருக்காது. மூன்று சுற்று முடிந்த பின்தான் அது 5 சதவீதமாகும். இது எண்ணெய்க்கான கணக்கு மட்டுமே.

காகிதத்துக்கான கணக்கு வேறு. எண்ணெய் 20 பிபிஎம்-இல் மெஷினுக்கு வந்து 5 பிபிஎம்-இல் திரும்பினால், மணிக்கு 3,480 கிலோ எண்ணெயிலிருந்து ஏறக்குறைய 52 கிராம் தண்ணீர் வெளியேறுகிறது. காகிதத்திலிருந்து 10 கிலோ தண்ணீரை எடுக்க 190 மணி நேரத்துக்கு மேல், அதாவது எட்டு நாட்கள் இடைவிடாமல் ஓட வேண்டும். மின்தடை அனுமதி இரண்டு நாட்கள்தான் என்றால், எண்ணெயை உலர்த்த முடியும், காகிதத்தை உலர்த்த முடியாது என்பதை அனுமதி கேட்கும்போதே மேலதிகாரியிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

## 8. எப்போது நிறுத்துவது

பி.டி.வி. 60 கிலோவோல்ட்டைத் தாண்டியதும் நிறுத்துவதுதான் மிகப் பரவலான தவறு. அந்த அளவு எண்ணெய் எவ்வளவு உலர்ந்தது, எவ்வளவு தூய்மையானது என்பதை மட்டுமே சொல்லும். சூடான மாதிரியில் அந்த அளவு உண்மையைவிட உயர்ந்தே தெரியும்.

நான் நம்புவது சுருள்களின் காப்புத்தடையை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெஷினை நிறுத்தி, நிலைமின்னூட்டம் வடிய அரைமணி நேரம் விட்டு, குறுக்கிணைப்பைக் கழற்றி, மெக்கர் அளவெடுத்து, மீண்டும் இணைத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு அளவோடும் வெப்பநிலையைக் குறியுங்கள். 10 டிகிரி ஏறினால் காப்புத்தடை ஏறக்குறைய பாதியாகும்.

முதலில் அளவு இறங்கும். இதைக் கண்டு புதியவர்கள் அஞ்சி வேலையை நிறுத்துகிறார்கள். சூடு ஏறுவதாலும், காகிதத்திலிருந்து ஈரம் வெளியேறத் தொடங்குவதாலும் அது இறங்கத்தான் வேண்டும். பிறகு தாழ்ந்த நிலையிலேயே நெடுநேரம் நிற்கும். அதன்பின், வெப்பநிலை மாறாமலே, மெல்ல ஏறத் தொடங்கும். காகிதம் உலர்வதன் அடையாளம் இதுதான். ஏறி, ஒரே வெப்பநிலையில் 12 மணி நேரமாவது மாறாமல் நின்றால் நிறுத்தலாம். அப்போது எண்ணெயின் அளவுகளும் பொருந்த வேண்டும். 110 கிலோவோல்ட் வகுப்புப் புதிய மின்மாற்றிக்கு, சார்ஜ் செய்யும் முன் 60 கிலோவோல்ட்டுக்கு மேல் பி.டி.வி.யும் 10 பிபிஎம்-க்குக் குறைந்த ஈரமும் வேண்டும் என்பது ஐ.எஸ். 1866 என்ற இந்தியத் தர நெறிமுறையின் அளவு.

## 9. சுழற்சி மட்டும் போதாதபோது

பல நாட்கள் ஓட்டியும் காப்புத்தடை ஏறவில்லை என்றால், எண்ணெயைச் சூடாகவே வடித்துவிட்டு, சுருள்கள் ஆறும் முன் தொட்டிக்கே வெற்றிடம் கொடுத்து ஒரு நாளாவது நிறுத்தி, பின் வெற்றிடத்தை விடாமலே சூடான உலர்ந்த எண்ணெயை நிரப்பி மறுபடி சுழற்ற வேண்டும். இதைத் தேவையான முறை திரும்பச் செய்யலாம்.

தொட்டி முழு வெற்றிடத்தைத் தாங்குமா என்று பெயர்ப்பலகையிலும் வரைபடத்திலும் பார்க்காமல் பம்பைத் தொடாதீர்கள். பழைய தொட்டிகள் பல தாங்காது. கன்சர்வேட்டரும் பொதுவாகத் தாங்காது. புக்கோல்ஸ் பக்கத்து வால்வை மூடி அதைப் பிரித்துவிடுங்கள். டேப் சேஞ்சர் அறைக்கும் தொட்டிக்கும் இடையே சமன்குழாய் இணைத்து, இரண்டுக்கும் ஒரே வெற்றிடம் கொடுங்கள்; இல்லாவிட்டால் இடையிலுள்ள தடுப்புப் பலகை உடையும்.

வெற்றிடத்தில் இருக்கும் மின்மாற்றிக்கு ஒருபோதும் மெக்கர் கொடுக்காதீர்கள். குறைந்த அழுத்தத்தில் காற்றின் காப்புத்திறன் வெகுவாகக் குறைவதால், சிறு மின்னழுத்தத்திலேயே சுருளில் பொறி பாயும். நைட்ரஜன் கொண்டு வெற்றிடத்தை உடைத்தால், தொட்டிக்குள் எவரும் தலையை நீட்டவும் கூடாது. நல்ல காற்றைச் செலுத்தி ஆக்சிஜனை அளந்த பிறகே இறங்க வேண்டும். நைட்ரஜனுக்கு மணமில்லை, மயங்கப்போவது முன்கூட்டித் தெரியாது.

காகிதத்தின் ஈரம் மிகுந்து, இதற்கும் அசையாத மின்மாற்றியைப் பணிமனைக்கு அனுப்பி அடுப்பில் உலர்த்துவதே முறை. நீண்ட மின்தடை கிடைக்காத இடங்களில், ஓடும் மின்மாற்றியோடு நிலையாக இணைத்து மாதக்கணக்கில் மெல்ல உறிஞ்சும் மாலிக்குலர் சீவ் (ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரப்பிய) கருவி நல்ல மாற்று. அதன் வேகம் குறைவு. ஆனால் காகிதம் ஈரத்தை விடும் வேகமும் அதுவேதான்.

## 10. அடங்கவிட்டு, காற்றெடுத்து, சார்ஜ் செய்தல்

வேலை முடிந்ததும் மெஷினைப் பிரித்து, ரேடியேட்டர் வால்வுகள் அனைத்தையும், கன்சர்வேட்டர் வால்வையும் திறந்துவிட்டதை ஒருவருக்கு இருவர் சரிபாருங்கள். மூடிய ரேடியேட்டர் வால்வோடு சுமை ஏற்றினால் மின்மாற்றி சூடேறி நிற்கும்.

குறைந்தது 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். நிலைமின்னூட்டம் வடியவும் நுண்குமிழ்கள் மேலேறவும் அந்த நேரம் வேண்டும். இந்த இடைவேளையில் புஷிங் கழுத்து, ரேடியேட்டர் மேல்முனை, புக்கோல்ஸ் ரிலே ஆகிய இடங்களில் காற்றை ஒன்றுக்கு மேற்பட்ட முறை வெளியேற்றுங்கள். ஒரே முறை எடுத்துவிட்டுச் சார்ஜ் செய்தால், சுமை ஏறிய இரவிலேயே புக்கோல்ஸ் அலாரம் அடிக்கும்.

பிறகு அடி வால்விலிருந்து இறுதி மாதிரி எடுங்கள். மெஷின் வெளிவழியில் எடுத்ததை இறுதி அறிக்கையில் எழுதாதீர்கள். கரைந்த வாயுவுக்கும் ஒரு மாதிரி எடுத்து, இனிவரும் ஒப்பீடுகளுக்கு அதையே அடிப்படையாகப் பதியுங்கள். குறுக்கிணைப்புகளையும் எர்த்தையும் எண்ணிக் கழற்றி, முதலில் சுமையின்றிச் சார்ஜ் செய்து, ஓசை, வெப்பநிலை, புக்கோல்ஸ் ஆகியவற்றைச் சில மணி நேரம் கவனித்த பின் சுமையை ஏற்றுங்கள்.

சுமையோடு இரண்டு வாரம் ஓடிய பின், எண்ணெய் சூடாக இருக்கும் பிற்பகலில் மீண்டும் ஈர மாதிரி எடுங்கள். சில பிபிஎம் ஏறியிருப்பது இயல்பு. ஃபில்டருக்கு முன் அதே வெப்பநிலையில் இருந்த அளவுக்கே அது திரும்பியிருந்தால், முதலில் பிரீதரையும் கேஸ்கெட்டுகளையும் மறுபடி பாருங்கள். அவை சரியாக இருந்தால் காகிதத்தில் ஈரம் அப்படியே இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதி, அடுத்த கோடைக்குள் நீண்ட மின்தடைக்கு விண்ணப்பியுங்கள்.